கம்பெனி மூடிய பிறகு மாடல் ரயிலுக்கு என்ன விலை? பார்த்து, கணக்குப் போட்டு, விற்கும் முறை

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்ற கணக்கு மாடல் ரயில்களுக்குச் செல்லாது. தயாரித்த கம்பெனி மூடிவிட்டது என்ற செய்தி வந்த அன்றே "இனி கிடைக்காது" என்று சொல்லி இரட்டை விலை கேட்பவர்கள் நிறைய. அந்த விலைக்கு வாங்குபவர்கள் கொஞ்சம்தான். சில மாதம் கழித்துப் பார்த்தால், அதே என்ஜின் பழைய விலைக்கும் கீழே கிடக்கும். இன்னொரு பக்கம், யாரும் கவனிக்காத ஒரு சரக்கு வேகன் மெதுவாக ஏறியிருக்கும். இரண்டுக்கும் காரணம் உண்டு. அதைத் தெரிந்துகொள்ளாமல் விற்கவும் கூடாது, வாங்கவும் கூடாது.

முதலில்: உண்மையிலேயே மூடிவிட்டதா?

திவால் வேறு, மூடல் வேறு. ஜெர்மனியின் மாடல் ரயில் கம்பெனி மார்க்லின் 2009 பிப்ரவரியில் திவால் மனு கொடுத்தது. ஆனால் தயாரிப்பு நிற்கவில்லை. 2013இல் சிம்பா டிக்கி பொம்மைக் குழுமத்தைச் சேர்ந்த குடும்பம் அதை வாங்கியது, கம்பெனி இன்றும் ஓடுகிறது. 2009இல் பயந்து போய் அள்ளி விற்றவர்களுக்குத்தான் நஷ்டம். அமெரிக்காவின் எம்டிஹெச் கதை இன்னும் வேடிக்கை. உரிமையாளர் ஓய்வு பெறுவதால் 2021இல் மூடப்போவதாக 2020இல் அறிவித்தார்கள். மோல்டுகளில் ஒரு பகுதி ஸ்கேல்டிரெயின்ஸ், அட்லஸ், லயனல் போன்ற கம்பெனிகளுக்குப் போனது. ஆனாலும் எம்டிஹெச் என்ற பெயரிலேயே சிறிய அளவில் தயாரிப்பு தொடர்ந்தது.

ஆகவே செய்தியைப் படித்ததும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: மோல்டு எங்கே போகிறது? பிளாஸ்டிக் உடலையும் உலோகச் சேசிஸையும் (அடிச்சட்டத்தையும்) வார்க்கும் அந்த எஃகு அச்சுகள்தான் சொத்து. கம்பெனியின் பெயர், லோகோ, கேட்லாக் எல்லாம் அதற்கு அப்புறம். மோல்டு இன்னொருவர் கையில் இருந்தால், உங்கள் அலமாரியில் இருக்கும் "அரிய" என்ஜின் அடுத்த வருடம் புது பெயிண்டோடு கடைக்கு வரலாம்.

நடந்ததைப் பாருங்கள். இத்தாலியின் லிமா, அதற்கு முன்பே லிமாவோடு இணைந்திருந்த ரிவரோசி, அர்னால்ட், ஜூவெஃப் எல்லாவற்றையும் 2004இல் பிரிட்டனின் ஹார்ன்பி வாங்கியது. பிரிட்டிஷ் ரயில்களுக்கான லிமாவின் மோல்டுகள் பல ஹார்ன்பியின் மலிவு வரிசையான ரெயில்ரோட்டில் திரும்பி வந்தன. லிமா என்ஜின்களை இருப்பு வைத்தவர்களின் கனவு அதோடு முடிந்தது. எல்ஜிபி ரயில்களைத் தயாரித்த நியூரம்பெர்க்கின் லேமன் 2006இல் திவாலானது, மார்க்லின் 2007இல் எடுத்துக்கொண்டது, எல்ஜிபி பெயரிலேயே தயாரிப்பு தொடர்ந்தது. அமெரிக்காவில் ஏ.சி. கில்பர்ட் 1967இல் விழுந்தபோது அதன் அமெரிக்கன் ஃப்ளையர் ரயில் வரிசை லயனலிடம் போனது, 1979இல் மறுபடி வெளிவந்தது. பன்னிரண்டு வருட இடைவெளி! மோல்டு தூங்கும், சாகாது.

ஹார்ன்பி டப்ளோ மட்டும் தனி ரகம். அதைத் தயாரித்த மெக்கானோ கம்பெனி 1964இல் கைமாறிய பிறகு டப்ளோ மோல்டுகள் பல ரென் என்ற கம்பெனியிடம் போயின. ரென் 1990களின் தொடக்கத்தில் நின்றதும் டேபோல் கம்பெனிக்குப் போயின. ஒரே அச்சில் வார்த்த என்ஜினாக இருந்தாலும் டப்ளோவுக்கு ஒரு கூட்டம், ரென்னுக்கு ஒரு கூட்டம், இரண்டுக்கும் தனித்தனி விலை. பெயரையே சேகரிக்கும் ஆட்கள் இருக்கும் இடத்தில் மறுவெளியீடு பழையதை அவ்வளவாக அடிப்பதில்லை. ஓட்டிப் பார்ப்பதற்காக மட்டுமே வாங்கும் ரகங்களில் அடித்து நொறுக்கிவிடும். உங்களிடம் இருப்பது எந்த ரகம் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

விலை போகும் பாதை

செய்தி வந்த முதல் சில வாரம் பதற்ற விலை. அடுத்து, மூடும் கம்பெனியின் கிடங்கில் இருக்கும் மிச்சச் சரக்கைத் தள்ளுபடியில் கொட்டுவார்கள். கடைக்காரர்களும் பின்னாலேயே கொட்டுவார்கள், ஏனென்றால் இனி அதற்கு வாரண்டியும் இல்லை, ஸ்பேரும் இல்லை. விலை அடிமட்டத்துக்குப் போவது இங்கேதான். விற்பவர் இந்தக் கட்டத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். வாங்குபவருக்கு இதுதான் அறுவடை. கிடங்கு காலியான பிறகுதான் உண்மையான தட்டுப்பாடு தெரியும்: யாராலும் மறுபடி செய்ய முடியாத சின்ன உற்பத்தி ரகங்கள், முழு ரயிலாக ஓட்டத் தேவையான ஒரே ஒரு கோச், குறிப்பிட்ட எண் போட்ட வேகன். இவை ஏறும். மற்றவை ஏறாது.

பதற்ற விலை வரும் நாளில் விற்கத் தயாராக இருந்தால் நல்லதுதான். ஆனால் அதற்குச் சரக்கு முன்கூட்டியே சோதித்து, படம் எடுத்து, எடைபோட்டு வைத்திருக்க வேண்டும். செய்தி வந்த பிறகு தூசி தட்ட ஆரம்பித்தால் வண்டி போய்விடும்.

சோதனை: விலையில் பாதி இங்கேதான் முடிவாகிறது

"பிரிக்கவே இல்லை, புத்தம் புதுசு" என்று எழுதியிருப்பதை நம்பி அதிக விலை கொடுப்பவர்கள் ஏமாறும் இடம் இது. பெட்டிக்குள் பத்துப் பதினைந்து வருடம் கிடந்த என்ஜினில் கிரீஸ் பிசினாக இறுகியிருக்கும். பிரிக்காதது என்றால் யாரும் ஓட்டிப் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம், ஓடும் என்று அர்த்தமில்லை. கம்பெனி உயிரோடு இருந்தால் திருப்பி அனுப்பலாம். இல்லாதபோது பிரித்துச் சோதித்த என்ஜினே பாதுகாப்பு.

மின்சாரம் கொடுப்பதற்கு முன் சேசிஸைப் பாருங்கள். துத்தநாகக் கலவையில் வார்த்தவற்றுக்கு ஒரு வியாதி உண்டு. சேகரிப்பாளர்கள் ஜிங்க் பெஸ்ட் என்பார்கள். வார்ப்பில் ஈயம் போன்ற கலப்படம் கொஞ்சம் சேர்ந்திருந்தாலும், ஈரப்பதத்தில் உலோகம் உள்ளிருந்தே வீங்கி, விரிசல் விட்டு, கடைசியில் பிஸ்கட் மாதிரி உதிரும். இதற்கு மருந்து இல்லை. அடையாளங்கள்: ஓரங்களில் மயிரிழை விரிசல், மேற்பரப்பில் கொப்புளம், நேராக இருக்க வேண்டிய சேசிஸ் வாழைப்பழம் போல வளைந்திருப்பது. சேசிஸ் நீண்டுவிட்டால் பிளாஸ்டிக் உடல் இரண்டு முனையிலும் இறுக்கிப் பிடிக்கும், ஜன்னல் ஓரத்தில் உடல் பிளக்கும். உடல் கழலவில்லை என்று பலமாக இழுக்காதீர்கள். நல்ல உடலுக்குத் தனி விலை உண்டு, அதையும் உடைத்துவிடுவீர்கள். ஒரே தொகுப்பில் வார்த்தவை சேர்ந்தே கெடும். ஹார்ன்பியின் கிளாஸ் 31 டீசலில் இந்தப் புகார் பிரசித்தம். விற்ற கம்பெனி இருந்தால் மாற்றுச் சேசிஸ் கேட்கலாம். மூடியதென்றால் அந்த என்ஜின் ஸ்பேர்பார்ட்ஸ் விலைக்குத்தான் போகும்.

அடுத்து பல்சக்கரம். என்ஜினைத் தலைகீழாகத் தொட்டிலில் (கவிழ்த்த என்ஜினைப் பிடித்துக்கொள்ளும் மெத்தைத் தாங்கியில்) வைத்து, ஒவ்வொரு சக்கர ஜோடியையும் விரலால் மெதுவாகத் திருப்புங்கள். ஒரு பக்கச் சக்கரம் மட்டும் சுற்றி, மற்றது நின்றால் ஆக்சிலைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கியர் வெடித்திருக்கிறது. ஓடும்போது சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு ஒருமுறை "டிக்... டிக்..." என்று தாளம் போட்டாலும் அதே நோய்தான். உலோக ஆக்சில் மேல் இறுக்கமாக ஏற்றிய பிளாஸ்டிக், காலப்போக்கில் இழுவிசை தாங்காமல் நீளவாக்கில் பிளக்கிறது. லைஃப்-லைக் கம்பெனியின் புரோட்டோ 2000 டீசல்களில் இது சகஜம். அந்தக் கம்பெனியின் ரயில் பிரிவை 2005இல் வால்தர்ஸ் எடுத்துக்கொண்டது. அந்த என்ஜின்கள் இன்றும் விலை போவதற்குக் காரணம், மாற்றுக் கியர் சுலபமாகக் கிடைக்கிறது என்பதே. பாலிட்டாய் கம்பெனியின் மெயின்லைன் வரிசை என்ஜின்களில் இன்னொரு வகை: சேசிஸையே இரண்டு பாதியாகச் செய்திருப்பார்கள், அவை இரண்டு துருவமாக மின்சாரம் கடத்தும், இரண்டு அரை ஆக்சிலை நடுவில் ஒரு பிளாஸ்டிக் குழல் சேர்க்கும். அந்தக் குழல் விரிந்தால் சக்கரங்களின் கோணம் கலைந்து, இணைப்புத் தண்டு இடித்து நிற்கும். இப்படிப்பட்டதை வாங்கும்போது மாற்றுக் குழலின் விலையையும் ஒரு மாலை நேர வேலையையும் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.

சக்கர இடைவெளியை வெர்னியர் காலிப்பரால் அளந்து எழுதுங்கள். பிரிட்டிஷ் மாடல்களின் வழக்கமான அளவான ஓஓவில் சக்கரங்களின் உட்புற இடைவெளி 14.4 முதல் 14.5 மி.மீ. வரை இருந்தால் இன்றைய பாயிண்ட்களில் (தண்டவாளம் பிரியும் இடங்களில்) தடையில்லாமல் போகும். பழைய லிமா சக்கரங்களின் விளிம்பு மிக ஆழம். கோட் 75 எனப்படும் சுமார் 1.9 மி.மீ. உயரத் தண்டவாளத்தில் ஸ்லீப்பர் பிடிகளில் தட்டித் தட்டிப் போகும். வாங்குபவர் கட்டாயம் கேட்கும் கேள்வி இது. முன்கூட்டியே எழுதிவிட்டால் பொருள் திரும்பி வராது.

இப்போது மின்சாரம். கிரீஸ் அம்பர் நிறத்தில் இறுகியிருந்தால் ஓட்டவே கூடாது, மோட்டார் புகைந்துவிடும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் தோய்த்த காட்டன் பட்ஸால் கியரை மட்டும் சுத்தம் செய்யுங்கள். பெயிண்டில் பட்டால் எழுத்து அழியும். பிளாஸ்டிக்கைக் கெடுக்காத எண்ணெயை ஊசி முனையில் எடுத்து, ஆக்சில் முனைக்கு ஒரு சொட்டு. துரு நீக்கும் ஸ்ப்ரே வேண்டவே வேண்டாம். டிகோடர் (டிஜிட்டல் கட்டளையை வாங்கி என்ஜினை இயக்கும் சின்ன சர்க்யூட்) இல்லாத என்ஜினை 12 வோல்ட் டிசியில், வரிசையில் ஒரு அம்மீட்டர் வைத்து, முன்னும் பின்னும் 15 நிமிடம் ஓட்டுங்கள். மூடிய வகை நவீன மோட்டார் 0.1 முதல் 0.3 ஆம்பியருக்குள் எடுக்கும். பழைய திறந்த மோட்டார் அரை ஆம்பியர், சில சமயம் அதற்கு மேலும் எடுக்கும். அளவு நேரம் ஆக ஆக ஏறினால் எங்கோ உராய்வு, அல்லது காந்தம் வலுவிழந்திருக்கிறது. ஓடும் வீடியோவில் அம்மீட்டர் முள்ளும் தெரியட்டும். நூறு வார்த்தை வர்ணனையைவிட அது பேசும்.

மூடிய கம்பெனியின் சரக்கில் மிகப் பெரிய குழி எலக்ட்ரானிக்ஸ். உள்ளே என்இஎம் 652 எனும் 8 முனை சாக்கெட், 21 எம்டிசி, ப்ளக்ஸ் 22, N எனும் சின்ன அளவு ரயில்களில் நெக்ஸ்ட் 18 போன்ற பொது சாக்கெட் இருந்தால் கவலையில்லை. டிகோடர் செத்தால் எந்தக் கம்பெனியுடையதையும் மாட்டலாம். கம்பெனி தனக்கென்று செய்த போர்டு இருந்தால் அது செத்த அன்றைக்கு என்ஜின் பாதி விலைப் பொம்மை. எம்டிஹெச்சின் புரோட்டோ-சவுண்ட் 2 எனும் ஒலி, கட்டுப்பாட்டு போர்டுகளுக்கு ரீசார்ஜ் பேட்டரி தேவை. முந்தையதில் 8.4 வோல்ட், பிந்தையதில் 2.4 வோல்ட். பேட்டரி செத்தால் மின்சாரம் நின்ற நொடியே ஒலியும் நின்றுவிடும், போர்டின் நினைவே குழம்பும் அபாயமும் உண்டு. வருடக்கணக்காகக் கிடந்த என்ஜினைத் தண்டவாளத்தில் வைக்கும் முன் புது பேட்டரி போட்டு, சார்ஜ் ஏற்றிவிட்டுச் சோதியுங்கள். "ஓடுகிறதா என்று பார்ப்போம்" என்று அவசரப்பட்டால் பார்க்க ஒன்றும் மிஞ்சாது.

கைமாறிய விலையைக் கண்டுபிடிப்பது

கேட்கும் விலை விலையே அல்ல. ஈபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வடிகட்டி இருக்கிறது. அதில் ஏறக்குறைய 90 நாள் விற்பனை தெரியும். கம்பெனி போட்ட கேட்லாக் எண்ணை வைத்துத் தேடுங்கள். பெயரை வைத்துத் தேடினால் நாலு வேறு உற்பத்திகள் கலந்துவிடும். குறைந்தது பத்து விற்பனை கிடைக்கும் வரை எழுதுங்கள். நிலை, அட்டைப்பெட்டி உண்டா இல்லையா, அனுப்பும் செலவு உள்ளடக்கமா என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். வெளியூர்ச் செலவு சேர்ந்த விலையை அப்படியே சேர்த்தால் கணக்கு கோணலாகும்.

ஓர் உதாரணம். பதினொரு விற்பனை கிடைத்தது: 60, 95, 98, 100, 102, 105, 110, 115, 120, 140, 210. சராசரி 114 வருகிறது. ஆனால் நடுவில் நிற்பது 105. அந்த 210ஐ இரண்டு பேர் பிடிவாதமாக ஏலம் கேட்டிருப்பார்கள், 60 ஓடாததாக இருக்கும். நடு எண்ணையே எடுங்கள். அதில் விற்பனைத் தளம் பிடிக்கும் கமிஷன் 12% என்று வைத்தால் 92.4 மிஞ்சும். அட்டை, டேப், தபால் 8 என்றால் கைக்கு வருவது 84 சொச்சம். கடைக்காரர் 70 கொடுத்து மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன் என்றால் சிரிக்காதீர்கள். ஐம்பது பொருளுக்குப் படம் எடுத்து, பதில் எழுதி, வரிசையில் நிற்கும் உழைப்புக்கு அந்த 14 போதுமா என்று யோசித்துச் சொல்லுங்கள்.

பதற்ற வார விற்பனையைத் தனிப் பத்தியில் எழுதுங்கள். கம்பெனி மூடும் முன் மூன்று மாதம், மூடிய பின் மூன்று மாதம் என்று இரண்டு நடு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சந்தை எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துவிடும்.

எதை முதலில் தள்ளுவது

தனி எலக்ட்ரானிக்ஸ் உள்ள என்ஜின்கள் முதலில் போகட்டும். ஒவ்வொரு வருடமும் அவற்றின் ஆபத்து கூடுகிறது. அடுத்து, மோல்டு வேறு கம்பெனிக்குப் போயிருக்கும் ரகங்கள்: புது வெளியீடு அறிவிக்கும் முன்பே கைகழுவ வேண்டும். அறிவிப்பு வந்த வாரமே பழையதன் விலை சரியும், பொருள் கடைக்கு வரும்வரை காத்திருக்காது. ஸ்டார்ட்டர் செட், கண்ட்ரோலர், தண்டவாளம் மூன்றிலும் லாபம் எதிர்பார்க்காதீர்கள். தண்டவாளம் எடைக்கு எடை தபால் செலவையே தின்னும். பக்கத்தில் யாராவது நேரில் வந்து எடுத்துக்கொண்டால் கும்பிடு போட்டு அனுப்புங்கள்.

கோச்களைத் தனியாகப் பிரிக்காதீர்கள். ஒரு முழு ரயிலுக்கு ஆறு வேண்டும் என்றால் ஆறும் சேர்ந்த தொகுப்புக்கென்றே வாங்குபவர்கள் உண்டு. ஐந்து மட்டும் இருந்தால் ஆறாவதைத் தேடி வாங்கிச் சேர்ப்பதே லாபம். வேகன்கள் எதிர்மாறு. வெவ்வேறு எண் போட்டவை தனித்தனியாக நல்ல விலைக்குப் போகும், ஏனென்றால் ஒருவருக்கு இல்லாத எண் இன்னொருவரிடம் இருக்கும்.

ஸ்பேர்பார்ட்ஸைக் கடைசி வரை வைத்திருங்கள். கப்ளிங், பஃபர், டிராக்ஷன் டயர், கியர், மோட்டார் கார்பன், உடைந்த என்ஜினின் நல்ல உடல் — கம்பெனி மூடிய பிறகு காலம் ஆக ஆகத் தேவை கூடுவது இவற்றுக்குத்தான். உடைந்த என்ஜின் ஒன்றை முழுதாக விற்பதைவிட ஆறு பாகமாக விற்றால் பல சமயம் அதிகம் கிடைக்கும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய லயனல், டப்ளோ போன்ற மிகப் பழைய சரக்கை மட்டும் "வருடம் போகப் போக ஏறும்" என்று பூட்டி வைக்காதீர்கள். சிறுவயதில் அதோடு விளையாடிய தலைமுறைதான் அதை வாங்கியது. அந்தத் தலைமுறையின் சேகரிப்புகளே இப்போது சந்தைக்கு வந்துகொண்டிருக்கின்றன. உச்ச நிலையில் இருப்பவையும் அரிய நிறங்களும் தாக்குப்பிடிக்கும். சாதாரணமானவை கீழேதான்.

அட்டைப்பெட்டி, காகிதம், முன்பணம்

உட்புறத் தட்டு, கையேடு, பிரிக்காத சின்னப் பாகங்களின் பை எல்லாம் சேர்ந்தால்தான் முழுமை. மேல்மூடியின் முனையில் உள்ள கேட்லாக் எண்ணும் உள்ளே இருக்கும் என்ஜினின் எண்ணும் ஒத்துப்போகிறதா பாருங்கள், மாறிப்போன பெட்டிகள் ஏராளம். டப்ளோ, ரென் ரகங்களுக்குப் புதிதாக அச்சடித்த நகல் பெட்டிகள் விற்கப்படுகின்றன. நகல் என்றால் நகல் என்று எழுதிவிடுங்கள், மறைத்தால் பொருள் திரும்பும், பெயரும் போகும். உள்ளே பழைய ஸ்பாஞ்ச் இருந்தால் அதை உடனே எடுத்துவிடுங்கள். அது பிசுபிசுத்துப் பெயிண்டோடு ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது எழுத்தையும் உரித்துக்கொண்டு வரும். அமிலமற்ற டிஷ்யூ காகிதம் போதும். காற்றுக் குமிழ் உறையை நேராகப் பெயிண்ட் மேல் சுற்றினால் வட்டம் வட்டமாகத் தடம் விழும்.

இன்னும் வராத மாடலுக்கு முன்பணம் கட்டியிருந்தால், திவால் செய்தி வந்த அன்றே கிரெடிட் கார்டு கொடுத்த வங்கியிடம் பணத்தைத் திரும்பக் கேட்டு விண்ணப்பியுங்கள். காலக்கெடு உண்டு, அது ஓடிக்கொண்டிருக்கும். நேரடியாக வங்கிக் கணக்கில் போட்டவர்கள் கம்பெனியிடமிருந்து பணம் வர வேண்டியவர்களின் பட்டியலில் கடைசி வரிசையில் நிற்க நேரும். ரசீதைத் திவால் நிர்வாகிக்கு அனுப்பிப் பதிவு செய்வதைத் தவிர அங்கே வேறு வழி இல்லை.

படமும் பொட்டலமும்

ஒரு என்ஜினுக்கு எட்டுப் படம்: இரண்டு பக்கம், இரண்டு முனை, மேல், அடிப்பாகம், பெட்டியின் முனைச் சீட்டு, ஏதாவது குறை இருந்தால் அதற்கு நெருக்கமாக ஒன்று. அடிப்பாகத்தை மறக்காதீர்கள். சக்கரத்தின் தேய்மானத்தைப் பார்த்துத்தான் எத்தனை மணி நேரம் ஓடியது என்று விஷயம் தெரிந்தவர்கள் கணிப்பார்கள்.

என்ஜினை அதன் தட்டில் வைத்து, முன்னும் பின்னும் நகர இடமில்லாமல் டிஷ்யூ அடைத்து, மூடியை டேப் ஒட்டாமல் காகிதப் பட்டையால் கட்டுங்கள். பழைய அட்டையில் ஒட்டிய டேப் அட்டையின் தோலோடு உரியும். அதை இன்னொரு உறுதியான பெட்டிக்குள், எல்லாப் பக்கமும் 5 செ.மீ. இடைவெளி விட்டு நிரப்பிகளோடு வையுங்கள். கையில் எடுத்துக் குலுக்கினால் சத்தம் வரக்கூடாது. உலோகச் சேசிஸ் கனமானது. தபாலில் ஒரு முறை விழுந்தாலே முன்பக்கக் கப்ளிங் உடைவது அந்த எடையால்தான். அனுப்பும் முன் என்ஜினின் எண், சேசிஸ் அடியில் உள்ள குறி இரண்டும் தெரியும்படி ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அனுப்பிய நல்ல என்ஜினுக்குப் பதிலாக வேறொரு ஓடாத என்ஜின் திரும்பி வரும் சம்பவங்கள் இந்தச் சந்தையில் புதிதல்ல.